கேசட்டில் மிச்சமிருந்தது

எழும்பூர், சென்னை
12-2-1984

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ராமுத்தாய் எழுதுவது. நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அதனால் கேட்கவில்லை.

பொங்கலுக்கு நான் மலைக்கு வந்திருந்தபோது, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு ஒன்று சொன்னீர்கள். "பொழுது சாஞ்சா இங்கன பேச்சுச் சத்தமே இல்ல புள்ள. அடுப்புல வெறகு வெடிக்கிற சத்தந்தேன் தொணை." கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் உங்களைப் பற்றி வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். ரயிலில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இத்துடன் ஒரு கேசட் வருகிறது. பாட்டு இல்லை. ஒரு நாவலை நான் வாசித்துப் பதிவு செய்திருக்கிறேன். வாடகை நூலகத்தில் எடுத்தது. இதே மெட்ராசுக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பட்டணம் இருக்கிறதாம். கடைசி பஸ் போனதும் அது விழித்துக்கொள்ளும். பாரிமுனையில் பூ விற்கிறவள் யட்சி. சென்ட்ரல் ஸ்டேஷன் கடிகாரத்துக்கு ஒரு முனி காவல். கதாநாயகி என்னைப் போல டெலிபோன் ஆபரேட்டர். டைரக்டரியில் இல்லாத ஒரு நம்பரிலிருந்து அவளுக்கு அடிக்கடி கால் வருகிறது. அதனால்தான் இதை எடுத்தேன்.

அங்கே இருந்த காலத்தில் "நீ பொஸ்தகத்தோடதேன் குடும்பம் நடத்துற" என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். இப்போது அந்தப் புத்தகமே உங்களைத் தேடி வருகிறது. ஏலக்காய் விற்ற காசில் வாங்கி, துண்டு போட்டு மூடியே வைத்திருக்கிறீர்களே டேப்ரிக்கார்டர், அதை இறக்குங்கள்.

பதிவு செய்கிற மெஷின் என்னுடையது இல்லை. அறைத்தோழி இருளம்மாளுக்கு அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கேசட்டும் இரண்டுதான் இருக்கிறது. ஒன்றைக் கேட்டதும் திருப்பி அனுப்புங்கள். அதன் மேலேயே அடுத்த அத்தியாயங்களைப் பதிவு செய்து அனுப்புவேன்.

அன்புடன்,
ராமுத்தாய்


போடிமெட்டு
27-2-1984

ராமுத்தாயிக்கு,

கேசட் வந்தது. ஜீப்பு டிரைவர் மொக்கையன் போடி தபாலாபீசில் வாங்கி, மடியில் வைத்து, எல்லாக் கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தான். "என்னண்ணே, அக்கா படத்துல பாடுதா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனி மலை முழுக்க அதுதான் பேச்சு.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எழுதினவருக்கு முனியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, ரயில் நேரம் சொல்லிக்கொண்டு, அது என்ன முனி? நம் தோட்டத்து எல்லையில் நிற்கிறதே, அது யாருக்காவது நேரம் சொல்லுமா? பொங்கல் வைத்து, சேவலறுத்து, சுருட்டு வைத்தாலே திரும்பிப் பார்க்காது. பட்டணத்துக்குப் போனால் சாமியும் மாறிப்போகும் போலிருக்கிறது.

இரண்டாம் பக்கத்தில் யட்சி ரயிலேறும் இடத்தில் வாசிப்பதை நிறுத்தித் தண்ணீர் குடித்தாய். கீழே வைத்தபோது ணங்கென்று கேட்டது. அது நம் வீட்டுப் பித்தளை டம்ளர்தானே? நீ அதை எடுத்துப்போனது எனக்குத் தெரியாது. இத்தனை நாளாகப் பரண் மேலே தேடிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு ரயிலும் போனது. அது போகும்வரை பொறுத்திருந்து பிறகு வாசித்தாய். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீ சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

கடைசியில் பேட்டரி செல் தீர்ந்து உன் குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டது. காய் பொறுக்க வந்த கருத்தம்மா, "அக்காளுக்குச் சளி பிடிச்சிருக்கு, சுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லுண்ணே" என்றாள். செல்லை வெயிலில் காயவைத்திருக்கிறேன். கேசட்டை இதோடு திருப்பி அனுப்பியாயிற்று. வெரசா அடுத்ததைக் கொண்டா.

சோலைமலை


எழும்பூர், சென்னை
8-4-1984

அன்புள்ள மச்சானுக்கு,

இது நான்காவது தடவை கேசட் ஏறி இறங்குவது. டம்ளர் அதேதான். நான் திருடவில்லை. என் அப்பா சிலமலையிலிருந்து சீராகக் கொடுத்தது.

வாசிக்கும்போது இருளம்மாளும் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கிறாள். "நாவலை வாசிக்கிறாயா, வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டுகிறாயா?" என்று கேலி செய்கிறாள். நான் அவ்வளவு நிதானமாகவா வாசிக்கிறேன்? எனக்குத் தெரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க யார் யாரையோ இணைத்துவிடுகிறேன். "பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். அறைக்கு வந்த பிறகு இந்தச் சின்ன மெஷின் முன்னால்தான் என் வாய்க்கு வேலை.

ஒரு செய்தி. போடி எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஓர் அம்மாள் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு மாற்றல் கேட்கிறவர்கள் ஜூன் மாதக் கடைசிக்குள் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். இந்த மாதிரி இடம் லேசில் காலியாகாது.

இந்த வேலைக்கு ஆர்டர் வந்த அன்று "உன் இஷ்டம்" என்றீர்கள். பெட்டியை நீங்களே ஜீப்பில் ஏற்றினீர்கள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னீர்கள். அதனால்தான் இதை முன்கூட்டியே எழுதுகிறேன். யோசித்து வையுங்கள்.

காய் போட வாரந்தோறும் போடிக்கு இறங்கி வருகிறீர்களே, தபாலாபீசுக்குள் நுழைந்து ஒரு டிரங்க் கால் போட்டால்தான் என்ன? பெண்டாட்டி டெலிபோன் ஆபரேட்டர், அவள் வீட்டுக்காரர் ஒரு தடவைகூடப் போனைத் தொட்டதில்லை என்றால் இங்கே சிரிக்கிறார்கள்.

அன்புடன்,
ராமுத்தாய்


போடிமெட்டு
2-5-1984

ராமுத்தாயிக்கு,

டிரங்க் கால் பற்றி எழுதியிருந்தாய். நம் பக்கம் டிரங்க் கால் என்றாலே யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். சித்தப்பா செத்தபோது ஒன்று வந்தது, அதோடு சரி. நான் போன் போட்டு, நீ எடுத்து, பயத்தில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

கதை விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் எனக்கு ஒருத்தன் மேல் கோபம். அந்த மறைந்த பட்டணத்திலிருந்து போன் போடுகிறானே அவன்தான். அந்தப் பெண் "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இவன் மூச்சு மட்டும் விடுகிறான். இத்தனை தடவை போன் போடத் தெரிந்தவனுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கருத்தம்மாவும் அதையேதான் சொன்னாள். அவளோடு வேலை செய்கிறவர்களும் இப்போது சாயங்காலம் ஸ்டோர் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மலையாளத்துக்காரர்கள் இரண்டு பேர் பாதி புரியாமலே கேட்கிறார்கள். யட்சி வருகிற இடத்தில் மட்டும் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்கு அவளை நன்றாகத் தெரியுமாம்.

எல்லோரும் போன பிறகு நான் இன்னொரு தடவை போட்டுக் கேட்பேன். அப்போது கதை காதில் விழுவதில்லை. நீ பக்கம் திருப்புகிற சத்தமும், எச்சில் தொட்டுத் திருப்புகிற சத்தமும்தான் கேட்கிறது. எச்சில் தொடாதே, வாடகைப் புத்தகம், எவன் எவன் கையில் இருந்ததோ.

மாற்றல் விஷயம் உன் இஷ்டம். இந்த வருஷம் கோடை மழை சரியில்லை. செடியெல்லாம் வாடி நிற்கிறது.

சோலைமலை


எழும்பூர், சென்னை
30-5-1984

அன்புள்ள மச்சானுக்கு,

அந்தப் போன்காரன் மேல் உங்களுக்குக் கோபம் என்று படித்ததும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். எனக்கும் அதே கோபம்தான், ஆனால் அவன் மேல் இல்லை.

இதுதான் கடைசி கேசட். கதை இதோடு முடிகிறது. ஒரு பக்கம் மட்டும்தான் பதிவு செய்திருக்கிறேன். கடைசிவரைக்கும் கேளுங்கள். வழக்கம்போல வந்த அன்றே கேட்டுவிட்டு உடனே ஒரு கார்டு போடுங்கள். இழுக்காதீர்கள்.

கடிதத்தில் இதற்கு மேல் எழுத வரவில்லை.

ராமுத்தாய்


போடிமெட்டு
18-6-1984

ராமுத்தாயிக்கு,

கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்து வெகுநாளாயிற்று. நீ சொன்னபடி செய்யவில்லை, திட்டாதே.

இழுக்காதே என்று எழுதியிருந்தாய். இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்த அன்று அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். இது முடிந்தால் அடுத்தது கிடையாது. சாயங்காலம் ஸ்டோருக்குப் போனால் பழையபடி விறகுச் சத்தம்தான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறேன். ஒரு நாளைக்கு கதையில் அந்தப் பெண் படியேறுகிற வரைக்கும். இன்னொரு நாளைக்கு அவள் ஹெட்போனை மாட்டுகிற வரைக்கும். பிறகு நிறுத்திவிட்டு, முதலிலிருந்து போட்டு அதே இடம் வரைக்கும் கேட்பேன். கருத்தம்மாவுக்கு என் மேல் வருத்தம். "சீனியை எறும்பு தின்ன மாதிரி தின்னுறீயேண்ணே" என்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து, பாறை உருண்டு, ஜீப்பு இறங்கவில்லை. செல்லும் இருப்பது இதுதான், அடுப்போரம் வைத்துச் சூடுகாட்டி ஓட்டுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதி மொக்கையனிடம் கொடுத்து வைக்கிறேன். சாலை திறக்கிற அன்று போகும்.

ஒரு யோசனை. இது முடிந்ததும் வேறு நாவல் எடுத்து வாசியேன். பெரிதாகப் பார்த்து எடு. நீ வாசிக்கிற வரைக்கும் எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

சோலைமலை


எழும்பூர், சென்னை
9-7-1984

சோலைமலை மச்சானுக்கு,

ஜூன் முதல் வாரத்திலிருந்து நான் விடுதி வாசலில் தபால்காரருக்காக நின்றேன். வார்டன் அம்மாவே பார்த்துவிட்டு, "உனக்கு ஒன்றும் இல்லை" என்று நான் கேட்பதற்கு முன்னால் சொல்லத் தொடங்கிவிட்டார். கேசட் கிடைத்தது என்று தபாலாபீசில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விசாரித்துவிட்டேன். ஆகவே கிடைக்கவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

நீங்கள் எந்தக் கேசட்டையும் வந்த அன்றைக்கே கேட்காமல் இருந்ததில்லை. ஆகவே கதை முடிந்த பிறகு நான் கேட்டிருந்ததையும் கேட்டிருப்பீர்கள். பதில் இல்லை என்பதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை "உன் இஷ்டம்" என்றுகூடச் சொல்லவில்லையே, அதுதான் தாங்கவில்லை.

நான் எழுதிக்கொடுக்கவில்லை. போடி இடம் கம்பத்துக்காரி ஒருத்திக்குப் போய்விட்டது. அவள் சந்தோஷத்தில் எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

இருளம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போய்விட்டாள். மெஷினையும் எடுத்துப்போய்விட்டாள். இனி வாசித்து அனுப்ப முடியாது. கேசட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈரத் துணியோடு இருக்காதீர்கள்.

ராமுத்தாய்


போடிமெட்டு
29-7-1984

என் ராமுத்தாயிக்கு,

நேற்றுத்தான் சாலை திறந்தது. மொக்கையன் போடியிலிருந்து ஏறி வந்தபோது உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். நான் ஜூனில் எழுதிய கடிதம் அவன் ஜீப்பு டப்பாவில் இவ்வளவு நாளும் கிடந்து நேற்றுத்தான் போயிருக்கிறது. இது வருவதற்குள் அது உன் கைக்கு வந்திருக்கும். படித்திருந்தால் உனக்கே புரியும். நான் அந்தக் கேசட்டை முடிக்கவே இல்லை புள்ள. முடிந்துபோகக் கூடாது என்று வைத்திருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் மொக்கையன் கொண்டுவந்த புதுச் செல்லை நின்ற இடத்திலேயே போட்டுக் கேட்டேன். கருத்தம்மா வந்து நின்றாள், வெளியே போகச் சொன்னேன். கடைசி அத்தியாயம் ஓடியது. கதையில் அந்த ஆபரேட்டர் பெண் போன் ஒயரைப் பிடுங்கினாளா இல்லையா என்றே நான் கவனிக்கவில்லை. நீ "முற்றும்" என்றாய். புத்தகத்தை மூடினாய். தண்ணீர் குடித்தாய். பிறகு வாசிக்கிற குரலை விட்டுவிட்டு நம் ஊர்க் குரலில் பேசினாய்.

"மச்சான், கதை முடிஞ்சு போச்சு. இனி நான் பேசுறேன். மாத்தலுக்கு எழுதிக் குடுக்க ஜூன் கடைசி வரைக்குந்தேன் நாளிருக்கு. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க. என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்க இஷ்டம் என்னன்னு ஒரு தடவ சொல்லுங்க. வான்னு ஒரு வார்த்த. வந்துர்றேன்."

இதைக் கேட்டுவிட்டு நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. மாசக் கணக்காக இது இதே பெட்டிக்குள், என் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் மூடி மூடி வைத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

நீ வாயால் கேட்டாய். அதற்குக் கடிதத்தில் பதில் எழுதினால் சரியாக வராது என்று பட்டது. நீ பேசி முடித்த இடத்துக்குப் பின்னால் கொஞ்சம் டேப் மிச்சமிருந்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பேசிவிட்டேன். நான் பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் பொத்தான் தானாகவே மேலே எழும்பியிருந்தது, அவ்வளவு கச்சிதமாக முடிந்திருக்கிறது. திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. என் குரலை நானே கேட்க எனக்குக் கூச்சம். நீ கேட்டால் போதும்.

கேசட்டை இதோடு அனுப்புகிறேன். மெஷின் இல்லாவிட்டாலும் எப்படியாவது கேள்.

உன் சோலைமலை


எழும்பூர், சென்னை
12-8-1984

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஜூன் மாதக் கடிதம் முதலில் வந்தது. சில நாள் கழித்து இந்தக் கடிதமும் கேசட்டும் வந்தன. கேசட் கையில் இருக்கிறது, போட மெஷின் இல்லை. புரசைவாக்கத்தில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிற கடை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோனேன். கடைக்காரர் வெள்ளை வேட்டி கட்டின பெரியவர். "பக்திப் பாட்டாம்மா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் பேசியிருக்கிறார் என்றேன். ஹெட்போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நாள் முழுக்க ஹெட்போனைக் காதில் மாட்டித்தான் வேலை செய்கிறேன். அன்றைக்கு மாட்டும்போது பயமாக இருந்தது.

என் குரல் முடிந்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு தகரக் கூரையில் மழை. நம் ஸ்டோர் கூரையேதான், ஓரத்தில் ஒரு தகரம் அடித்துக்கொள்ளுமே, அது இன்னும் அப்படியேதான் அடித்துக்கொள்கிறது. நீங்கள் தொண்டையைக் கனைத்தீர்கள். "ராமுத்தாயி, நான்தேன் பேசுறேன்" என்றீர்கள். இந்த வருஷம் மழை பிந்திப் பிடித்தாலும் நல்ல மழை என்றீர்கள். கீழ்ப்பாத்தியில் செடி அழுகிப்போச்சு என்றீர்கள். காய் எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றீர்கள். கருத்தம்மா என்னைக் கேட்டதாகச் சொன்னீர்கள். மொக்கையன் ஜீப்புக்கு டயர் மாற்றியதைக்கூடச் சொன்னீர்கள். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு விட்டீர்கள். "பெறகு, ராமுத்தாயி" என்றீர்கள்.

அத்தோடு டேப் முடிந்துவிட்டது.

கச்சிதமாக முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். பொத்தான் எழும்பினது நீங்கள் பேசி முடித்ததால் இல்லை மச்சான். டேப் தீர்ந்துபோனதால். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அந்த மலைக்குத்தான் கேட்டிருக்கும்.

நான் பெரியவரைக் கூப்பிட்டு, இன்னும் இருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இல்லையேம்மா, முழுக்க ஓடிடுச்சு" என்றார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவை மழையைக் கேட்டேன், தகரத்தைக் கேட்டேன், இடையில் நீங்கள் காலை மாற்றி உட்காருகிற சத்தத்தைக் கேட்டேன். நீங்கள் என் டம்ளர் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாக எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை கேலி என்றுதான் நினைத்திருந்தேன். கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் பாவம், கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போடி இடம் போனது போனதுதான். இன்னொன்று எப்போது காலியாகுமோ தெரியாது. அதைச் சரிசெய்ய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் அந்த "பெறகு"வுக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் என்னால் இங்கே இருக்க முடியவில்லை. நானாக ஊகித்துக்கொள்ளவும் மாட்டேன். இத்தனை வருஷமாக உங்களுக்குப் பதிலாக நானே சொல்லிக்கொண்டு, நானே கேட்டுக்கொண்டு அலுத்துவிட்டது.

வருகிற 20-ஆம் தேதி திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் பகல் முழுக்க எனக்கு மதுரை லைன் போர்டு. போடியிலிருந்து மெட்ராசுக்கு யார் டிரங்க் கால் போட்டாலும் மதுரை வழியாக என் கையில்தான் வந்து விழும். காய் போட போடிக்கு வரும்போது தபாலாபீசுக்குள் நுழையுங்கள். எங்கள் விடுதி நம்பரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நம்பருக்குப் போகாது, நடுவில் நான் இருப்பேன். யாரும் சாகவில்லை, நான் பயப்பட மாட்டேன். சூப்பர்வைசர் திட்டினால் திட்டட்டும்.

நான் "யாரு" என்று கேட்பேன். மூச்சு விட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

மூன்று நிமிஷம்தான் தருவார்கள். அந்த மிச்சத்தை முதலில் சொல்லிவிட்டு, மழையைப் பற்றி அப்புறம் சொல்லுங்கள்.

உங்கள்,
ராமுத்தாய்